பதினேழாம் புள்ளியும் உங்கள் வறட்டியும்

மதிப்பிற்குரிய சம்பந்தி கென்ஜெபெக் அவர்களின் சமூகத்துக்கு, ஊர் அலுவலக எழுத்தன் ஒராஸ்பை தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

உங்கள் குதிரைகளும் ஆடுகளும் சுகமா? வீட்டில் எல்லாரும் சுகமா? அடுத்து அடுப்பைப் பற்றிக் கேட்பது முறை. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் படம் பிடித்து, எங்கெங்கே திருட்டுத்தனமாகக் குப்பை கொட்டியிருக்கிறது என்று மாதா மாதம் ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் இட எண் இருக்கும். நான் நேரில் போய்ப் பார்த்து, குப்பைதான் என்று கையெழுத்துப் போட்டு, அந்த எண்ணை லாரிக்காரனிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினேழாம் புள்ளி வந்த அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து ஊரில் கல்யாண விருந்து. குதிரைக் கறியை விட்டுவிட்டு எவன் குப்பையைப் பார்க்கப் போவான்? உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன். லாரி ஓட்டுகிற தொலெகன் அங்கே போய் நின்றுகொண்டு போன் பண்ணினான். "அண்ணே, இது குப்பை மாதிரி தெரியலையே. செவரு கட்டுன மாதிரி அடுக்கி, மேல வைக்கோல் போட்டிருக்கு. வறட்டில்ல இது?" "டேய், வானத்துல இருக்கறதுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? அள்ளுடா!" என்றேன். வாயில் கறி இருந்ததால் கொஞ்சம் அதிகாரமாகவே வந்துவிட்டது. கோடை முழுக்கச் சம்பந்தியம்மாவும் என் மகள் ஷோல்பானும் தட்டித் திருப்பிக் காயவைத்த வறட்டி மொத்தமும் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. அங்கே மழை வேறு பெய்து தொலைத்தது.

அதோடு போச்சா? முதலில் சுத்தம் செய்த ஊர் என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அள்ளிய இடத்திலேயே நிற்கவைத்து எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நான், பின்னால் கையில் மண்வெட்டியோடு வாயைப் பிளந்தபடி நீங்கள். உங்கள் மேய்ச்சல் கொட்டகை இந்த வருஷம் அந்தப் பக்கம் மாறியது எனக்குத் தெரியாது சம்பந்தி, சத்தியமாகத் தெரியாது.

முறைப்படி அபராதமாகக் குதிரையும் மேலங்கியும் அனுப்பினேன். குதிரை தானாகவே திரும்பி வந்தது, முதுகில் அதே மேலங்கி. பிரித்தால் உள்ளே ஒரே ஒரு வறட்டி. ஷோல்பான் போனில் சொன்னாள்: "அப்பா, சன்ஜாருக்கு நடை வந்தாச்சு. கால்ல கட்டுன கயித்த வெட்டிப் பிள்ளைய ஓடவிடுற விழாவுக்கு உங்களக் கூப்பிடக் கூடாதுன்னுட்டாரு மாமா. 'உங்கப்பன் வந்தா பிள்ளையையும் சேத்து லாரியில ஏத்திருவான்'ங்கறாரு." முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன். எனக்கு இருக்கிறது ஒரே பேரன். அவன் முதல் ஓட்டத்தைப் பார்க்காம நான் என்ன தாத்தா, சொல்லுங்க?

என் வீட்டு வறட்டி முழுவதையும் ஏற்றி அனுப்பியிருக்கேன். தொலெகன்தான் கொண்டு வர்றான், அவனை அடிச்சிராதீங்க. எனக்குக் குளிர் எப்படியோ கழியும். தப்பெல்லாம் அந்தப் பாழாப்போன செயற்கைக்கோளோடது. எனக்கு இருந்தது சோம்பல் மட்டும்தான். அதுக்காகப் பேரனை மறைக்காதீங்க.

உங்கள் மந்தை பெருகட்டும், புகைபோக்கியில் புகை ஓயாதிருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சன்ஜாரின் இரண்டு பாதங்களுக்கும் முத்தம்.

இப்படிக்கு,
ஒராஸ்பை

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். செயற்கைக்கோள் சரியாகத்தான் பார்த்தது. பதினேழாம் புள்ளி என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓடை. ஆறு வருஷமாக ஓட்டை டயர், உடைந்த கூரை ஓடு, செத்த ஃபிரிட்ஜ் எல்லாம் அங்கே கொட்டியது நான்தான். குப்பையைப் பிடிக்கிறவன் வீட்டுப் பின்னாலேயே குப்பை என்றால் மானம் போகுமே என்று இட எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினேன். மாற்றிய எண்ணில் இருப்பது வெறும் புல்வெளிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். கல்யாண விருந்துக்கு நான் போகவே இல்லை. தொலெகன் போன் பண்ணும்போது அந்த ஓடைக் கரையில்தான் நின்றுகொண்டிருந்தேன். இனி கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இஷ்டம். உங்களிடம் வறட்டியை இறக்கிவிட்டு லாரி நேரே ஓடைக்கு வரும். இந்த முறை தொலெகனிடம் சரியான எண்ணைக் கொடுத்திருக்கிறேன். பாராட்டுப் பத்திரமும் அதே லாரியில் போகும்.