லேசாகத் திறந்து பார்ப்பவர்

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் வேகலை" என்று அறிவித்துவிட்டுப் போவார், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து மறுபடி தூக்கிப் பார்த்து, "இன்னுமா வேகலை?" என்று கவலைப்படுவார். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை ஆட்டிப் பார்ப்பார். ஒட்டிய உறையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். முழங்காலில் ஒட்டிய பிளாஸ்திரியை, புண் ஆறிவிட்டதா என்று பார்ப்பதற்காக, அந்தப் புண் ஆறவே முடியாத அளவுக்கு அடிக்கடி உரிப்பார். இவரைத் திருடர் என்று சொல்ல முடியாது. எதையும் எடுக்க மாட்டார். வம்பர் என்றும் சொல்ல முடியாது. பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மூடியிருப்பது திறந்திருக்க வேண்டும். அதுவும் லேசாக.

இந்த இனத்தவர் பேராக் மாநிலத்தில் ஒரு சங்கம் தொடங்கினால் போட்டியே இல்லாமல் தலைவராகக் கூடியவர் பத்துமலை. வயது அறுபத்திரண்டு. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். லோரியில் ஏறப்போகும் பெட்டிகளில் பத்துக்கு ஒன்றைப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, மறுபடி ஒட்டி, மேலே தேதி போட்டுக் கையெழுத்து வைப்பது அவருடைய வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற அன்று சம்பளம் நின்றது. வேலை நிற்கவில்லை. வீட்டில் ஒரு வருஷமாக ஒரு நாள்கூட இட்லி ஒழுங்காக வேகவில்லை. கடைசியில் மனைவி குமுதா, "உங்க தங்கச்சி தனியா கஷ்டப்படுது. ஒரு மூணு மாசம் போய் ஒத்தாசையா இருந்துட்டு வாங்க" என்று பையைக் கட்டி அனுப்பிவைத்தாள். அண்ணன் வருகிறார் என்று தங்கை இருளாயிக்கு ஒரே சந்தோஷம். குமுதா அவளிடம் வேறெந்த விவரமும் சொல்லவில்லை.

இருளாயி சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், ஐந்து கறவை மாடுகள் வைத்திருப்பவள். ரப்பர் இருந்தவரை மாடுகள் மரத்தடியில் மேய்ந்தன. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது; செம்பனைக்குக் கீழே புல் முளைக்கக்கூடாது என்று மருந்தடித்தார்கள்; மிச்சமிருந்த பக்கத்தில் வீடுகள் எழும்பி வேலி வந்தது. போன வருஷ மழைக்காலத்தில், மருந்தடித்த புல்லைத் தின்ற ஒரு பசு இரண்டு நாள் துடித்துச் செத்தது. அதற்குப் பிறகு இருளாயி கண்ட புல்லை நம்புவதில்லை. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டாள். கதிருக்காக இல்லை. வேரை மட்டும் விட்டுவிட்டு மொத்தச் செடியையும் மாட்டுக்குப் பதப்படுத்தி வைப்பதற்காக.

எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தவள் புனிதா. கால்நடை இலாகாவில் வேலை பார்க்கும் பெண். கதிருக்குள் பால் இறுகி மாவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் செடியை வெட்ட வேண்டும். இலை, தண்டு, கதிர் எல்லாவற்றையும் சேர்த்து மெஷினில் விட்டு விரல்நுனி அளவுக்கு நறுக்க வேண்டும். நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, உள்ளே இறங்கி மிதித்து, மறுபடி கொட்டி, மறுபடி மிதித்து, காற்றுக்கு இடமில்லாமல் அடைத்து, மூடிபோட்டு, இரும்பு வளையத்தால் இறுக்கிவிட வேண்டும். காற்று இல்லாத இடத்தில் அது தானாகப் புளிக்கும். ஒழுங்காகப் புளித்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. மாட்டுக்குப் போடும் ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை நடந்த மூன்று நாளும் பத்துமலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டினார், சுமந்தார், மிதித்தார். நறுக்கியதை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிக்க வேண்டும், உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் சாறு ஒழுகக்கூடாது, அப்படியென்றால் ஈரம் சரி என்று புனிதா சொன்னதும் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. டிரம்முக்கு ஒருமுறை பிடித்துப் பார்த்தால் போதும். அவர் கூடைக்கு ஒருமுறை பிடித்தார்.

நாற்பது டிரம் நிறைந்தது. கொட்டகையில் நான்கு வரிசையாக நின்றன. இரண்டு நாளைக்கு ஒரு டிரம் என்று வைத்தால் மழைக்காலம் எண்பது நாளும் மாடுகளுக்குக் கவலையில்லை. புனிதா கையைக் கழுவிக்கொண்டு, "அங்கிள், இனிமே ஆறு வாரம் யாரும் தொடக்கூடாது. உள்ள காத்து போச்சுன்னா பூஞ்சை பிடிச்சிரும்" என்றாள்.

"அதுவரைக்கும் உள்ள நல்லா இருக்கான்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது அங்கிள்."

"அப்ப?"

"அப்ப என்ன? நம்ம ஒழுங்காத்தான் அடைச்சோம். நம்பணும்லா."

முப்பத்தொரு வருஷத்தில் பத்துமலை பலவிதமான பரிசோதனை முறைகளைப் பார்த்திருக்கிறார். 'நம்பணும்' என்று ஒரு முறை இருப்பதாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

இருளாயி தினமும் காலை ஏழு மணிக்குப் பாலை வேனில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போவாள், திரும்பிவரப் பதினொன்றாகும். இடையில் நாலு மணி நேரம். அண்ணனும் நாற்பது டிரம்மும் மட்டும். முதல் நாள் அவர் டிரம்களைத் துடைத்தார். இரண்டாம் நாளும் துடைத்தார். மூன்றாம் நாள் துடைக்கும்போது ஒரு டிரம் வெதுவெதுப்பாக இருந்தது. புளிக்கத் தொடங்கும்போது அப்படித்தான் இருக்கும். சில நாளில் தானாக அடங்கிவிடும். புனிதாவிடம் ஒரு போன் செய்திருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் இந்த இனத்தவர் கேட்பதில்லை. கேட்டால், பார்க்காதே என்று சொல்லிவிடுவார்களே?

"லேசா மட்டும்" என்று யாரும் இல்லாத கொட்டகைக்கு அறிவித்துவிட்டு, பத்துமலை வளையத்தைக் கழற்றினார்.

உள்ளே சூடாக ஒரு புளிப்பு வாடை அடித்தது. நல்ல வாடையா கெட்ட வாடையா? ஒன்றை வைத்து எப்படிச் சொல்வது? மூடினார். திறந்ததையே திறக்கக்கூடாது என்ற நேர்மையில், சாக்பீஸால் மூடியில் தேதி போட்டு 'ப.ம.' என்று எழுதினார். மறுநாள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொன்று. பத்துக்கு ஒன்று என்பது கணக்கு, நாற்பதுக்கு நான்கு. நான்கையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்த நான்கும் மற்ற டிரம்களைவிடச் சூடாக இருந்தன. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. உள்ளே வெந்துபோகுமே என்று பயந்து, ஒரு குச்சியைக் கொடுத்து மூடியை லேசாகத் தூக்கி, அரைமணி நேரம் சூட்டை வெளியே விட்டார். மறுநாள் அவை இன்னும் சூடாகின. இன்னும் அரைமணி விட்டார். பிறகு, நோய் பக்கத்து டிரம்களுக்கும் பரவியிருக்குமோ என்ற கவலையில் பக்கத்து டிரம்கள். இரண்டரை வாரத்தில் பதின்மூன்று மூடிகளில் அவர் கையெழுத்து இருந்தது. சிலவற்றில் நான்கு தேதிகள்.

"அண்ணே, டிரம்மெல்லாம் நல்லா இருக்குல்ல?" என்று இருளாயி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்பாள்.

"எல்லாம் டைட்டா மூடியிருக்கு இருளாயி."

பொய்யில்லை. அந்த நேரத்தில் மூடித்தான் இருந்தன.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் குமுதா போன் செய்தாள். இருளாயி பால் வாளியைக் கழுவிக்கொண்டே பேசினாள். "அண்ணி, அண்ணன் இருக்கிறது எவ்வளவு ஒத்தாசை தெரியுமா? காலையில பூரா கொட்டாயிலயே காவலா நின்னு ஜாகா பாக்குறாரு."



"இருளாயி," என்றாள் குமுதா மெதுவாக, "அங்க மூடி போட்ட சாமான் ஏதாச்சும் இருக்கா?"

வாளியை அப்படியே போட்டுவிட்டு இருளாயி ஓடினாள். இத்தனை நாளும் அவள் கொட்டகை வாசலில் நின்று எண்ணிப் பார்த்ததோடு சரி. தொடாதே என்றால் தொடமாட்டாள். இப்போதுதான் மூடிகளைப் பார்த்தாள். மாதாகோவில் கல்லறைக் கற்களைப் போல, வரிசையாகத் தேதியும் பெயரும். ஒரு டிரம்மைத் திறந்தாள். மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. கையை உள்ளே விட்டாள். முழங்கை ஆழத்திலும் கறுப்பாகக் கட்டிக்கட்டியாக வந்தது. அடுத்ததும் அப்படியே. பதின்மூன்றும் அப்படியே. ஐந்து மாடுகளில் செவலை ஏழு மாதச் சினை. பூஞ்சையைத் தின்றால் சினை கலைந்துவிடும் என்று புனிதா சொல்லியிருந்தாள்.

பத்துமலை வாசலில் வந்து நின்றார். தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"சூடா இருந்துச்சு இருளாயி. உள்ள எல்லாம் வெந்து போயிரும்னு பயந்துட்டேன்."

"பயந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா அண்ணே."

அவர் உள்ளே வந்து, ஒரு மூடியிலிருந்த தன் கையெழுத்தைக் கையால் தேய்த்து அழித்தார்.

"போன வருஷம் செத்த மாட்ட நான் தனியாத்தான் புதைச்சேன். குழி வெட்ட ஒரு நாள் ஆச்சு. இந்த வருஷம் அது வேணாம்னுதான் இவ்வளவும் செஞ்சேன். இருபத்தாறு நாள் தீனிண்ணே இது."

தொழிற்சாலையில் பத்துமலை எத்தனையோ ஆயிரம் பெட்டிகளைத் திறந்திருக்கிறார். திறக்குமுன் உள்ளே எது இருந்ததோ, திறந்த பிறகும் அதுதான் இருந்தது. பார்த்ததாலேயே ஒரு பொருள் கெட்டுப்போகும் என்பது அவருடைய அனுபவத்தில் புதிது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு இது பெரிய செய்தி. அதை அவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்றால், கெட்டதையெல்லாம் இருட்டுவதற்குள் சோளக்காட்டில் கொட்டி மண்ணைத் தள்ளினார். பிறகு அருவாளை எடுத்துத் தீட்டினார். "இருபத்தாறு நாளும் நான் புல்லு கொண்டாரேன். மருந்து படாத புல்லு" என்றார். குமுதாவுக்குப் போன் செய்து, வர இன்னும் கொஞ்ச நாளாகும் என்றும் சொன்னார். அவள் மறுக்கவில்லை.

மருந்து படாத புல் கோலா கங்சார் பக்கம் ஆற்றோரத்தில்தான் இருந்தது. மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு விடியும்போதே போவார்; மதியத்துக்குள் இரண்டு நடை. புல்லுக் கட்டுக்குக் கீழே மோட்டாரும் தெரியாது, ஆளும் தெரியாது. ரோட்டில் ஒரு புதர் தானாக நகர்ந்து வருவதுபோல் இருக்கும். கணுக்காலில் அட்டை கடித்த இடங்களில் பிளாஸ்திரி. முதல் வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருளாயி "போதும்ணே, விடுங்க" என்றாள். அவர் விடவில்லை. பத்தொன்பதாம் நாள் ஆற்றில் வெள்ளம் ஏறியபோது, இடுப்பளவுத் தண்ணீரில் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்து வந்தார். அன்றைக்கு இருளாயி அவரைத் திட்டினாள். இரண்டு மாதத்தில் அவள் அவரைத் திட்டியது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புல் எடுத்த காலம் முடிந்து, மிச்சமிருந்த இருபத்தேழு டிரம்மில் முதலாவதைத் திறக்கும் நாள் வந்தது. புனிதாவும் வந்திருந்தாள். இருளாயி விலகி நின்றுகொண்டு, "நீங்களே திறங்கண்ணே" என்றாள்.

வாழ்நாள் முழுக்க மூடிகளைத் தூக்கிய அந்தக் கை வளையத்தின் மேல் நின்றுபோனது. "நாள் ஆயிருச்சா? நல்லாக் கணக்குப் பாத்தியா? இன்னும் ஒரு வாரம் விட்டாத்தான் என்ன?" என்றார்.

"அங்கிள், திறங்க" என்றாள் புனிதா.

திறந்தார். நன்றாகப் புளித்த தாப்பாய்ச் சோற்றின் வாடை, இனிப்பும் புளிப்புமாகக் கொட்டகை முழுக்கப் பரவியது. உள்ளே ஆலிவ் பச்சையில், சில்லென்று, உதிரியாக இருந்தது. ஒரு கூடை அள்ளிப் போட்டதும் செவலை மற்ற மாடுகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அது மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று பேரும் நின்றார்கள். இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்துமலையும் துடைத்துக்கொண்டார். துடைத்த கண்ணால் அடுத்த டிரம்மைப் பார்த்தார்.

"அண்ணே."

"பாத்தேன்லா. பாக்கக்கூடவா கூடாது?"

ஒன்றரை மாதம் கழித்துச் செவலை ஒரு கிடாரிக் கன்று போட்டது. சினைமாட்டைத் திறந்து பார்ப்பதற்கு வழியில்லாததால் தாயும் சேயும் நலம்.

அடுத்த போகத்தில் நாற்பத்தைந்து டிரம். இம்முறை பத்துமலையே பூட்டு வாங்கிவந்து கொட்டகையைப் பூட்டி, சாவியைத் தங்கையிடம் கொடுத்தார். "நான் கேட்டாலும் கொடுக்காத. அழுதாலும் கொடுக்காத." இருளாயி தினமும் அந்தச் சாவியோடு ஈப்போவுக்குப் போய்வந்தாள். ஆறு வாரமும் ஒரு மூடிகூடத் திறக்கப்படவில்லை. நாற்பத்தைந்தும் தேறின. மனிதர் திருந்திவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை அவர் கொட்டகைப் பலகைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார் என்பதை நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. இரண்டு நாள் என்னைத் தனியாக விடு என்று சொன்ன நண்பனுக்கு, இரண்டாம் நாள் காலையிலேயே "கோபம் போயிருச்சா?" என்று செய்தி அனுப்பியது யார்? யோசித்துச் சொல்கிறேன் என்று கேட்ட மகளிடம், சாப்பாட்டு மேசையில் தினமும் "யோசிச்சியா?" என்று கேட்பது யார்? அதற்கெல்லாம் இரும்பு வளையம் கிடையாது என்பதால் கழற்றியது தெரியவில்லை, அவ்வளவுதான். எதற்கும் விரல் நுனியில் சாக்பீஸ் தூள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை எப்படி முடிகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு படிக்கலாம் என, நேரே இந்தக் கடைசிப் பத்திக்கு வந்துசேர்ந்தவர்களுக்கு வணக்கம். பத்துமலை யாரென்று உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை. வீட்டில் கண்ணாடி இருக்கும்.