முத்தையன் மோந்து பார்த்த மரம்

மச்சான் கொடுத்த மரம் தன் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. நெடுங்காடு முத்தையன் இந்த ஒரு விஷயத்தில் மலை மாதிரி நின்றார். புது வீட்டுக்கு வாசல் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று. பூவத்து மச்சான் செம்பியனோ, புயலில் சாய்ந்த வேப்பமரத்தை ரெண்டு வருஷம் நிழலில் காயப்போட்டு, "தங்கச்சி வீட்டு நிலைக்கு என் மரந்தான்" என்று ஆசாரி பட்டறையிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"அது நின்னுச்சுன்னா, ஆயுசு பூரா உங்கண்ணன் மரத்துக்குத் தலை குனிஞ்சுல்ல நான் உள்ளே நுழையணும்? தேக்குதான்!"

மனைவி ராசாத்தி சண்டை போடவில்லை. அப்போதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

"தேக்குன்னு சொல்லி வேற எதையாவது தலையில கட்டிட்டா? உங்களுக்கு அடையாளம் தெரியுமாங்க?"

"யாரைப் பாத்துக் கேக்குறே?"

அன்றிலிருந்து ஒரு வாரம் கையில் போன், வாயில் தேக்கு. கொடுவா மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே பாடம் நடத்தினார்.

"தேக்கு பொன்னிறம்டி. எண்ணெய்ப் பசை உண்டு. சொட்டுத் தண்ணி விட்டா ஊறாது, முத்தாட்டம் நிக்கும். மோந்தா பழந்தோல் வாசம்."

"அப்புறம்?" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள் ராசாத்தி. இருபத்தாறு வருஷத்தில் அவர் பேச்சை இவ்வளவு கவனமாக அவள் கேட்டதே இல்லை. பூரித்துப் போனார்.

பட்டறையில் ஆசாரி சிவநாதன் மூன்று துண்டுகளை வரிசையாக வைத்தார். தேக்கு, வாகை, வேம்பு. எது எதுவென்று சொல்லவில்லை.

"நீங்க தேக்குன்னு தொடுற மரத்துலதான் நிலை. தொட்டப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றாள் ராசாத்தி.

"மாறுனா மீசையை எடுத்துடுறேன்!"

முதல் துண்டு வெளிறிக் கிடந்தது. தண்ணீர் விட்டார். உறிஞ்சிக்கொண்டது. "சீ, தள்ளு!" அடுத்தது கருத்து, கனத்தது. "வாகை. வண்டி செய்யப் போ." மூன்றாவது தகதகவென்று பொன்னிறம். சொட்டு முத்தாட்டம் நின்றது. கண்ணை மூடி மோந்தார். மறுபடி மோந்தார்.

"ஆஹா! பழந்தோலேதான்! இதான் தேக்கு. இதான் என் வாசல்ல நிக்கணும்!"

ஆசாரி தொண்டையைச் செருமினார். "அண்ணே, அது உங்க மச்சான் வேம்பு."

"பொன்னிறமா இருக்கேய்யா!"

"மஞ்சள் பூசுனேன்" என்றாள் ராசாத்தி.

"தண்ணி நின்னுச்சே?"

"தேங்காயெண்ணெய். உங்க தேக்கைச் சோடா உப்புப் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன்."

"விடுங்கண்ணே" என்று ஆசாரி தேற்றினார். "நல்லாக் காஞ்ச வேம்பு. கரையான் கிட்ட வராது. பேரன் காலம் வரைக்கும் நிக்கும்."

முத்தையன் விடவில்லை. "வாசம்? அதை எப்படிடி பூசுவே? ரெண்டு தடவை மோந்தேனே!"

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தத் துண்டை மட்டும் எங்கண்ணன் செருப்போட சேத்து நாலு நாளா சாக்குல கட்டி வச்சிருந்தேங்க."