மூன்றாம் பூச்சு காயுமுன் மாமனார் கூடம் கடந்த காதை

வாழ்க அவர்! திருகாணி ஆலையின் தரப்பரிசோதனை மேசைக்குப் பின்னே முப்பத்தோராண்டு கொலுவீற்றிருந்து, மயிரிழை பிசகிய மரைகளையும் தலை கோணிய ஆணிகளையும் ஈவிரக்கமின்றிக் கழித்தொதுக்கி, பட்டறை மேஸ்திரிகளின் பகலுணவைக் கசக்கச் செய்த குறைகாணுங் கொற்றவர் வாழ்க! பணி ஓய்ந்தபின் மகள் வீட்டுக்கு எழுந்தருளி, அங்கும் ஓய்வறியாது, கதவின் கீல், குழாயின் கசிவு, மாப்பிள்ளையின் கைத்திறம் ஆகிய மூன்றையும் நாள்தோறும் சோதித்து, மூன்றும் தேறவில்லையென்று தீர்ப்பெழுதிவந்த மாமனார் வாழ்க! ஒன்பதடி அகலமுள்ள கூடத்தை ஒரு பிற்பகலில் அவர் கடந்த வீரத்தைச் சொல்லப் புகுந்தோம். நாவே, சிரித்துவிடாமல் துணை நில்.

போர் மூண்ட காரணம் இது. மூன்றாம் மாடியிலிருந்த அவ்வீட்டின் கூடத்துக்கு மரத்தரை. முன்னம் குடியிருந்தோர் நாற்காலிகளை இழுத்திழுத்துக் கீறியும், வாளி வாளியாய் நீரூற்றித் துடைத்தும், பொன்னிறமாய்ப் பிறந்த அந்தப் பலகைகளைச் சாம்பல் பூத்த கிழங்களாக்கிவிட்டுப் போயிருந்தனர். மாப்பிள்ளையோ பள்ளியில் பூகோளம் நடத்துபவர். சென்ற மாதம் கடிகாரம் மாட்ட ஓர் ஆணி அடிக்கப் போய், சுவரில் ஒரு தேசத்தின் வரைபடம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழ, அருகில் நின்ற மாமனார் அமைதியாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, நீங்க பாடம் நடத்துங்க. சுவரை விட்ருங்க."

விஷந்தோய்த்த கணையொன்று வாங்கிய வேழம்போல் மாப்பிள்ளை ஒரு மாதம் பிளிறாமல் நடமாடினார். பிறகு நான்கு நாள் விடுப்பெடுத்தார். சோபாவை மாடி வராந்தாவுக்கு நாடுகடத்தினார். முரட்டு உப்புத்தாள், நடுத்தர உப்புத்தாள், பட்டுப்போன்ற உப்புத்தாள் என முப்படை திரட்டி, முழங்கால் தோல் உரிய, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தார். மரத்தூளைப் பசையில் குழைத்து ஆணிக்குழிகளை அடைத்தார். பொட்டுத் தூசியும் இல்லாமல் உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, வார்னிஷில் முதற்பூச்சு பூசி, காயவைத்து, மெல்லத் தேய்த்து, இரண்டாம் பூச்சும் பூசினார். இத்தனையிலும் மாமனார் வாய் திறக்கவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார், அவ்வளவே. அந்தப் பார்வைக்கு அஞ்சியே மாப்பிள்ளை ஒவ்வோர் அங்குலத்தையும் இருமுறை தேய்த்தார்.

நான்காம் நாள் மதியம், இறுதிப் பூச்சின் வேளை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மாமனாரின் குடை அதன் கொக்கியில் இல்லை. ஆதலால் மாமனாரும் மகளுடன் புறப்பட்டுவிட்டாரென்று மாப்பிள்ளை முடிவு கட்டி, உள்ளறை வாசலில் தொடங்கி, அகன்ற தூரிகையால் பின்னோக்கிப் பூசிக்கொண்டே வந்து, வீட்டு வாசலும் சமையலறையும் குளியலறையும் இருக்கும், ஒரு படி உயர்ந்த ஓடு பதித்த நடைக்கு வந்து நிமிர்ந்தார். மாமனாரோ குடைக்கம்பி ஒன்று பிசகியிருக்கக் கண்டு, அதைச் சீராக்கவென்று குடையோடு உள்ளறை புகுந்து, சீராக்கும்போதே உறங்கிப்போயிருந்தார்.

இனி, உறங்குவோரின் உள்ளே நடந்ததைக் கேளுங்கள். சிறுநீரகத்தில் கல்லென்று கண்ட மருத்துவர், நாளுக்கு மூன்று லிட்டர் நீர் பருகச் சொல்லியிருந்தார். இலக்கென்று ஒன்று விதிக்கப்பட்டால் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே எட்டிப் பழகிய அம்மகான், மூன்று லிட்டரையும் மதியத்துக்குள் முடித்திருந்தார். அந்நீரெல்லாம் திரண்டு, கோட்டைவாயிலில் படையெனக் கூடி, முரசறைந்து அவரை எழுப்பியது. எழுந்தார், கதவைத் திறந்தார், திகைத்தார். வாசற்படிக்கு அப்பால் அலையற்ற ஒரு தேன்கடல், சாளரத்தையும் வானத்தையும் தன்னுள் விழுங்கிக் கிடந்தது.

"மாமா! அங்கேயே நில்லுங்க! கால வச்சிராதீங்க!"

"என்ன மாப்பிள்ளை இது?"

"மூணாவது பூச்சு. இப்பதான் முடிச்சேன்."

"எப்ப காயும்?"

"நாலு மணி நேரம் ஆகும் மாமா."

நான்கு மணி நேரம்! இடி விழுந்த பனைபோல் நின்றார் கொற்றவர். தம் அவசரம் இன்னதென்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமனார் மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லும் செய்தியா அது? "நல்லது, நல்லது" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சாளரத்தை நோக்கினார்: இரும்புக் கம்பி, கீழே மூன்று மாடி. மேசைமேல் வெறுமையாய் நின்ற தண்ணீர்ப் போத்தல் தன் குறுகிய வாயைத் திறந்து சமாதானம் பேச வந்தது. மானமே உருவான அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிலைச் சுற்றி ஏழு முறை வலம் வந்தார். எட்டாவது சுற்றில் மீண்டும் கதவைத் திறந்தார்.

நான்கே எட்டு. நடந்தால் தீர்ந்தது. வலக்காலைத் தூக்கியும் விட்டார். எதிரே, இமையில் வார்னிஷ் ஒட்டியிருக்க, முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்க, தூரிகையை நெஞ்சோடு அணைத்தபடி மாப்பிள்ளை நின்றார். முதற்பரிசோதனைக்குச் சரக்கு கொண்டுவந்த தொழிலாளிகள் நிற்கும் அதே நிலை. அம்முகத்தை முப்பத்தோராண்டு பார்த்தவர் அவர். அதைப் பார்த்துக்கொண்டே கழித்துத் தள்ளியவர். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு, தம்மையே வியந்தவராய், காலைப் பின்வாங்கினார்.

"மாமா, ஏதாச்சும் வேணுமா?"

"எனக்கென்ன வேணும்? ஒண்ணும் வேணாம். சும்மா காத்து வாங்குறேன்."

சொல்லிய வாய் சொல்ல, கால்களோ ஒன்றையொன்று பின்னிப் பிணைந்து நாட்டியம் புரிந்தன. அணைக்கட்டுகளின் கொள்ளளவும் வெள்ளப்பெருக்கின் காரணங்களும் இருபதாண்டு பாடம் நடத்திய மாப்பிள்ளைக்கு அப்போது விளங்கிற்று. நான்கு நாள் உழைப்பை ஒருமுறை கண்ணால் தடவினார்.

"நடந்து வந்துருங்க மாமா. நான் மறுபடி தேய்ச்சுக்கறேன்."

அக்கணம் மாமனாரின் மீசை துடித்தது, புருவம் வில்லாய் வளைந்தது, முடிவேந்தர் அவையில் வஞ்சினம் உரைப்பதுபோல் முழங்கினார்: "காயாத சரக்கு மேல நான் கை வச்சதே கிடையாது, கால வைப்பேனா? பொறுக்க முடியலேன்னு ஒருத்தன் உழைப்ப மிதிச்சுட்டுப் போகவா? மாட்டேன் மாப்பிள்ளை! என்ன ஆனாலும் ஆகட்டும்!"

என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

இவ்வேளையில் கடைப்பையோடு வந்து சேர்ந்தாள் மகள். தந்தையின் நெற்றி வியர்வையையும் கணவனின் கலங்கிய விழியையும் நடுவே மின்னிய கடலையும் கண்டாள். ஆண்கள் இருவரும் அரை மணியாய் அவிழ்க்காத முடிச்சை அரை நொடியில் அவிழ்த்தாள்.

"கீழ் வீட்டு எலக்ட்ரீசியன் கிட்ட ஏணி இருக்குல்ல? போய் வாங்கிட்டு வாங்க. நிக்காதீங்க!"

மூன்று மாடியைப் பருந்தென இறங்கி, பதினோரடி அலுமினிய ஏணியோடு மூச்சிரைக்க மீண்டார் மாப்பிள்ளை. கணவனும் மனைவியும் ஒரு முனையை அமுக்கிப் பிடித்துக் கடலின்மேல் அதை நீட்டினர். மறுமுனை தலை தாழ்ந்து பூச்சைத் தொடவிருந்த தருணத்தில், மாமனார் தம் குடையின் வளைபிடியால் அதைக் கொளுவி, உயர்ந்த வாசற்படியின்மேல் ஏற்றிவைத்தார். பாலம் அமைந்தது.

லுங்கியை வரிந்து கட்டி, நான்கு கால் உயிராகி, படிப்படியாய் ஊர்ந்தார் பெருமகன். நட்டநடுவே ஏணி தொய்ந்தது. மூக்குக்கும் தரைக்கும் ஒரு சாண். தம்மையறியாமல் அவர் கண்கள் தொழிலுக்குத் திரும்பின. ஒரே சீரான பூச்சு. ரேகை பிறழவில்லை. குமிழி இல்லை. கீறல் இல்லை. ஆணிக்குழி எதுவென்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னர்... ஆ! அதோ! தூரிகை மயிர் ஒன்று, நகக்கண் நீளத்தில், பூச்சுக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது.

"அப்பா, ஏன் நின்னுட்டீங்க? வலிக்குதா?"

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. அந்த நிறுத்தத்தின் பொருள் அவருக்குத் தெரியும்.

மாமனார் அந்த மயிரைப் பார்த்தார். மூன்று லிட்டரும் முரசறைந்துகொண்டிருக்க, மேலும் ஒரு கணம் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ட குறையொன்றைக் காணாததாக்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்கினேன்."

எஞ்சிய நாலரை அடியும் கடந்து, கரையேறி, "வழி!" என்னும் ஒற்றைச் சொல்லால் மகளையும் மருமகனையும் இருபுறமும் பிளந்து, குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். நெடுநேரம் வெற்றிமுழக்கம் கேட்டது.

வெளிவந்த வேந்தர் முகத்தில் ஞானியரின் அமைதி. கூடத்தை ஒருமுறை நோக்கினார். மாப்பிள்ளையை ஒருமுறை நோக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவையறிய ஆணை பிறப்பித்தார்: "சமையக்கட்டு அலமாரிக் கதவு ரெண்டும் நிறம் போயிக் கெடக்கு. வேற ஆள் யாரையும் கூப்பிட வேணாம். அதையும் நீங்களே பூசிடுங்க மாப்பிள்ளை."

முடிசூடிய இளவரசனென, முரசும் சங்கும் தமக்கு மட்டும் ஒலிக்க, பூமாரி தம் வார்னிஷ் இமைமேல் பொழிய, மண்ணுலகும் விண்ணுலகும் மரத்தரையாகித் தம் காலடியில் மின்னுவதாய் உணர்ந்து நின்றார் மாப்பிள்ளை.

பிறகு மாமனார், டீ இருக்கா என்று கேட்டார்.