மாட்டுக் கொட்டகையில் எட்டுப் போர்க்கப்பல்கள்

எட்டுப் போர்க்கப்பல்களை எங்கே ஒளித்துவைப்பது என்றுதான் செண்பகத்துக்குத் தெரியவில்லை.

ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். சவுக்குக் கட்டையில் செதுக்கி, பீரங்கிக்கு ஆணி அடித்து, சாம்பல் நிறப் பெயிண்ட் பூசி, அவள் மகன் தேவா இரண்டு வருடமாகச் செய்தவை. கூடத்து ஷோகேஸில், சாமி படத்துக்கு நேர் கீழே அணிவகுத்து நின்றன. பக்கத்துச் சுவரில் அரைச் சுவர் அகலத்துக்குப் பசிபிக் கடலின் வரைபடம்.

தரகர் குமரேசன் அப்போதுதான் போனில் பேசிவிட்டு வைத்திருந்தார். திண்டிவனத்துப் பெண் வீட்டார் வருகிறார்கள். என்றைக்கு என்று சொல்ல மாட்டார்களாம். இந்த வாரத்தில் ஒரு நாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடும் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும், சொல்லாமல் போனால்தான் வீடு வீடாக இருக்கும் என்றாராம் பெண்ணின் அப்பா சக்கரபாணி.

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார்தான் இப்படிச் சொல்லாமல் வந்து நின்றார்கள். அவள் தலையெல்லாம் உமியோடு கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது காலம் புரண்டுவிட்டது. நிலம் வைத்துப் பயிர் செய்கிற பையனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பு. சோதனை போடுகிற உரிமை அந்தப் பக்கம் போய்விட்டது.

தேவாவுக்கு முப்பத்து மூன்று வயது. முண்டியம்பாக்கத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டரில் நாலு ஏக்கர் சொந்த நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கொஞ்சம் கரும்பு, கறவை மாடு ஒன்று. குடி கிடையாது, ஊர் வம்பு கிடையாது. ஒரே ஒரு பழக்கம், இரண்டாம் உலகப் போர். டிராக்டர் ஓட்டும்போதும் காதில் அதுதான். அமெரிக்காக்காரன் எங்கே அசந்தான், எவனை எங்கே அசர வைத்தான் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

போன தை மாதம் செஞ்சிப் பக்கத்துப் பெண்ணின் அப்பா, பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தார். தேவா காபி டம்ளர்களைக் கப்பலாக்கி, முறுக்கைத் தீவாக்கி, முந்திரிப்பருப்பை விமானமாக்கி, முக்கால் மணி நேரம் ஜப்பான்காரன் மாதிரி முத்துத் துறைமுகத்தை, அதாவது பேர்ல் ஹார்பரை, தாக்கினான். காபி ஆறிப்போயிற்று. அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது செண்பகத்துக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"பையன் தங்கம்தாம்மா. ஆனா நாங்க சண்டை சச்சரவு இல்லாத வூடாப் பாத்துக்கினு இருக்கோம்."

ஆகவே இந்த முறை செண்பகம் முந்திக்கொண்டாள். வரைபடத்தைக் கிழியாமல் உரித்தாள். அந்த இடத்தில் மட்டும் சுவர் பளிச்சென்று வெள்ளையாக, யாரோ கதவு வைக்கப் போகிற மாதிரி நின்றது. அதை மறைக்கக் காலண்டர் மாட்ட ஆணி அடித்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பீரோவை நகர்த்தி அந்த ஓட்டையை மறைத்தாள். பீரோ இருந்த இடத்தில் கரையான் புற்று.

மகனிடமும் கறாராகச் சொல்லிவிட்டாள். தாலி கட்டி முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் போர்ப் பேச்சு கூடாது. தேவா தலையாட்டினான்.

இரண்டு நாள் வீடு பாழுங்கிணறு மாதிரி கிடந்தது. கேட்டதற்கு "உம்." கேட்காததற்கு அதுவும் இல்லை. போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். பேசக் கூடாது என்றதும் அதிலேயே சண்டை பார்க்கிறான் போல என்று அவள் விட்டுவிட்டாள். ஆனால் உள்ளே என்னவோ உறுத்தியது. கணவர் துரைக்கண்ணு போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் மகனும் அவளும் பேசிக்கொண்டது என்று எடுத்து எண்ணிப் பார்த்தால், மழை, மாடு, உரம் போக மீதியெல்லாம் அந்தப் போர்தான். அவன் சொல்வான், அவள் கீரை ஆய்ந்துகொண்டே "அப்புறம்" என்பாள். கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கேட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் பால் கறக்கையில் அவளே தடையை உடைத்தாள்.

"ஏன்டா, அம்மாந்தூரம் கடல்ல, அத்தினி ஏரோப்ளேன் வந்துக்கினு இருக்குது. ஒருத்தன்கூடவா பாக்கல?"

தேவாவின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆயிற்று.

"பாத்தாங்கம்மா. அதான் விஷயமே. மலை மேல ரேடார் வச்சிக்கினு ரெண்டு சிப்பாய். காலையில ஏழு மணி ரெண்டு நிமிஷத்துக்கே பாத்துட்டாங்க. கீழ இருந்த ஆபீசருக்குப் போன் பண்ணாங்க. அந்தாளு வேலைக்குப் புதுசு. அன்னிக்கி அவங்களோட விமானமும் கொஞ்சம் வர வேண்டியிருந்துச்சு. அதுன்னு நெனச்சிக்கினு, 'நம்ம ஆளுங்கதான், விடு'ன்னுட்டான்."

"அப்புறம்?"

"ஏழு அம்பத்தஞ்சுக்குக் குண்டு விழுந்துச்சு."

அன்று முழுக்க செண்பகத்துக்கு அந்த ஆபீசர் ஞாபகமாகவே இருந்தது. கெட்டவன் இல்லை. சோம்பேறிகூட இல்லை. வருகிறவன் நம்மவன்தான் என்று நம்பியவன். அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். ஊரே அவனைப் பேசும்போது அவள் என்ன சொல்லியிருப்பாள்? என் பிள்ளை நல்லவன், ஆளை நம்பிவிட்டான் என்றா? மாவாட்டும்போது யோசித்தாள், துணி அலசும்போது யோசித்தாள். பதில் கிடைக்கவில்லை. ஆனால் யோசனை ஒன்று கிடைத்தது.

நமக்கும் ஒரு ரேடார் வேண்டும்.

முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே சின்னதுரையின் டீக்கடை. செண்பகத்துக்குச் சித்தப்பா மகன். ஊருக்குள் திரும்புகிற எந்த வண்டியும் அவன் பாய்லரைத் தாண்டித்தான் வர வேண்டும். புதிய முகமாக யார் திரும்பினாலும் உடனே போன் அடிக்கச் சொன்னாள். சின்னதுரை இந்தப் பதவியைக் கலெக்டர் உத்தியோகம் மாதிரி ஏற்றுக்கொண்டான்.

அன்று ஒரே நாளில் பதினோரு போன். வெள்ளைக் கார் வருகிறது என்றான், கரும்பு ஆபீசர். நாலு பேர் வேனில் வருகிறார்கள் என்றான். கொசு மருந்து அடிக்கிறவர்கள். பட்டு வேட்டிக்காரர் ஒருவர் வருகிறார் என்றான்; அவர் துக்கம் விசாரிக்க வேறு தெருவுக்குப் போகிறவர். ஒவ்வொரு போனுக்கும் செண்பகம் புடவை மாற்றி, பால் காய்ச்சி, பஜ்ஜிக்கு எண்ணெய் வைத்தாள். கொசு மருந்துக்காரர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மறுநாளும் வந்தார்கள்.

"பேஜாராப் போச்சுடா," என்று போனை மகன் கையில் கொடுத்தாள். இனிமேல் மாமா கூப்பிட்டால் அவனே பேசி, நிஜமாகவே திண்டிவனத்து ஆள் என்றால் மட்டும் அவளிடம் சொல்ல வேண்டும். தேவா போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இனி கப்பல்கள். கேப்பை டிரம்மில் போட்டாள், மூடி மூடவில்லை. கட்டிலுக்கடியில் தள்ளினாள், பீரங்கி ஆணி காலில் ஏறியது. கடைசியில் வீட்டில் மானத்தை வாங்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். எட்டுக் கப்பல், வரைபடம், தேவாவின் நோட்டுப் புத்தகங்கள், உடைந்த நாற்காலி, கிழிந்த பாய் எல்லாம் பின்கட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயின. விருந்தாளி முன்வாசலில்தானே வருவார். தேவாதான் கப்பல்களைத் தூக்கிவந்து வைக்கோல் மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினான்.

"அங்கயும் இப்படித்தாம்மா," என்றான். "உள்ளூர்க்காரன் எவனாவது நாசவேலை பண்ணிடுவான்னு பயந்துக்கினு, காவலுக்குத் தோதா விமானம் எல்லாத்தையும் ஒரே எடத்துல நெருக்கமா நிறுத்தி வச்சாங்க. மேலேர்ந்து வந்தவனுக்கு அது வசதியாப் போச்சு."

"இங்க மேலேர்ந்து காக்காதான் வரும். போயி முகத்தச் செரைடா."

சனிக்கிழமை கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை பாட்டிமை. அமாவாசைக்கு மறுநாள், எந்த நல்ல காரியத்துக்கும் எவரும் வாசல் தாண்டாத நாள். செண்பகம் காலண்டரில் ஒரு முறை, பஞ்சாங்கத்தில் ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"பாட்டிமையில எவன்மா வருவான்? நீ நிம்மதியா இரு," என்றான் தேவாவும்.

ஒரு வாரமாக நின்ற மூச்சை அவள் விட்டாள். காலையில் தலைக்கு எண்ணெய் வழிய வைத்துக்கொண்டாள். நைட்டிக்கு மேல் துரைக்கண்ணுவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சாணி அள்ளப் போனாள். மாட்டுக்கு ஊசி போட ஆள் வரும் என்று கால்நடை மருந்தகத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் பின்பக்கம் மல்லாட்டைக் கொல்லை வரப்பில், கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் நடந்து வந்தபோது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. சொந்தக் கொல்லை மாதிரி விறுவிறுவென்று வந்தாளே என்பது மட்டும் லேசாகத் தட்டியது.

"வா பாப்பா. ஜல்தியாப் போட்டுடு. கொம்பப் புடிச்சிக்கிறேன்."

அந்தப் பெண் மாட்டைப் பார்க்கவில்லை. வைக்கோல் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செண்பகத்துக்கு வெட்கமாகிவிட்டது. மாட்டு ஆஸ்பத்திரிக்காரிதானே, இவளிடம் சொன்னால் என்ன போகிறது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். மகனுக்கு இப்படி ஒரு கிறுக்கு, திண்டிவனத்திலிருந்து ஒரு குடும்பம் வேவு பார்க்க வரப்போகிறது, அந்தச் சக்கரபாணி ரொம்பக் கெட்டிக்காரராம், அதனால்தான் சுவர் ஓட்டையிலிருந்து சண்டைக் கப்பல் வரை மறைத்து வைத்திருக்கிறாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பையன் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், இரண்டு நாள் அவன் பேசாமல் இருந்ததில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் குனிந்து, கோடியில் இருந்த கப்பலைக் கையில் எடுத்தாள்.

"ஏழுதாங்க வரிசையா நின்னுச்சு. எட்டாவது ரிப்பேருக்காகத் தனியா ஏத்தி வச்சிருந்தாங்க." அதைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் கவனமாக வைத்தாள். "நான் எம்.ஏ. ஹிஸ்டரிங்க."

செண்பகத்தின் கையிலிருந்து சாணிக் கூடை நழுவியது. குமரேசன் கொடுத்து, இரண்டு வாரமாக டிவிக்கு அடியில் கிடக்கிற பெண்ணின் விவரக் காகிதம் கண்முன் வந்தது. ஜாதகம், நட்சத்திரம், உயரம் வரை பார்த்தாள். எம்.ஏ. என்று இருந்தது. எதில் என்று அடுத்த வார்த்தையைப் படிக்கவில்லை. பெயர் ஆர்த்தி.

அதே நேரம் முன்வாசலில் இரண்டாவது அலை. குமரேசனின் குரலும், தொண்டையைச் செருமுகிற ஒரு புதிய குரலும் கேட்டன. கூடத்துக் கடிகாரத்தில் எட்டாக ஐந்து நிமிடம்.

அதன் பிறகு நடந்ததில் செண்பகத்துக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. சாணிக் கையோடு கும்பிட்டாள். சக்கரபாணி பீரோவில் சாய, பீரோ நகர்ந்து ஓட்டை தெரிய, அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டிலும் இதே காரைதான் என்றார். நல்ல காரியத்துக்காக வந்தால்தானே பாட்டிமை பார்க்க வேண்டும், வீட்டைப் பார்க்க எந்த நாளாக இருந்தால் என்ன என்றார். கொட்டகையிலிருந்து ஆர்த்தியும் தேவாவும் வாதாடுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. ரேடாரில் பார்த்தது பற்றி. முக்கால் மணி நேரம். காபி ஆறிப்போயிற்று. சக்கரபாணி தன் மகளின் குரலையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது செண்பகத்திடம் மெதுவாக, முன்பு வந்த மூன்று மாப்பிள்ளைகளும் இவள் பேச ஆரம்பித்ததும் போனை நோண்ட ஆரம்பித்தார்கள் என்று சொன்னார். அடுத்த வளர்பிறையில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் செண்பகத்துக்கு ஆறவில்லை. நைட்டிக்கு மேல் புருஷன் சட்டை, காதோரம் வழிந்த எண்ணெய், அந்தக் கோலத்தில் சம்பந்தியைக் கும்பிட்டது. தலை முழுகி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, நேரே முண்டியம்பாக்கத்துக்கு நடந்து டீக்கடை முன் நின்றாள்.

"ஏன்டா, பதினோரு கொசு மருந்துக்காரனுக்குப் போன் அடிச்ச. வர வேண்டியவங்க வரும்போது தூங்கிட்டியா?"

சின்னதுரை டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"ஏழு மணிக்கெல்லாம் போன் அடிச்சிட்டேன்க்கா. தேவாதான் எடுத்துச்சு. 'சாம்பல் கலர் ஸ்கூட்டியா மாமா? கொல்லை வழியா வரச் சொன்னதே நான்தான். நம்ம ஆளுங்கதான், விடு'ன்னுச்சு."