பாக்கலாம் சார்

"பாக்கற வரைக்கும் ரெண்டுமே உண்மைடி. பாத்ததும் உலகம் ரெண்டாப் பிரிஞ்சிடும். இங்க ஒண்ணு நடக்கும், அங்க இன்னொண்ணு."

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பிசிக்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் இருந்த மருந்துக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தெருவே அவரைப் 'பாக்கலாம் சார்' என்றுதான் கூப்பிடும். எதைக் கேட்டாலும் அந்த ஒரே வார்த்தைதான் பதில். வாசல் அறையைத் தையல் கடையாக்க மனைவி கேட்டாள். பாக்கலாம் என்றார். அதே அறையில் தன் கேரம் போர்டைப் போட அடுத்த வீட்டு எலக்ட்ரீஷியன் கேட்டார். அவருக்கும் பாக்கலாம். அன்றிலிருந்து தையல் மிஷின் சமையலறை மூலையில் முக்காடு போட்டு நிற்கிறது.

சோம்பேறித்தனம் என்று இத்தனை நாள் திட்டு வாங்கிக் கொடுத்தது விஞ்ஞானமாம்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னைக்காவது ரூம் விஷயம் சொல்லுங்க. திங்கக்கிழமை துணி கொண்டுவரச் சொல்லிட்டேன். சமையல்கட்டுல வச்சுத் தைச்சா ஜாக்கெட்ல தாளிச்ச வாசனை வரும்."

"அவசரப்படாதே. பாக்கற வரைக்கும் அது தையல் கடையும்தான், கேரம் கிளப்பும்தான்."

"பாத்தா?"

"உலகம் ரெண்டாயிடும். ஒண்ணுல நீ தைப்பே. இன்னொண்ணுல நான் ஆடுவேன். ரெண்டு பேருக்கும் ஜெயம்!"

"அந்த உலகத்துலயும் நான் இருப்பேனா?"

"இருப்பே."

"பாவம், உங்களுக்கு அங்கயும் விடிவு இல்ல." அவள் கொஞ்சம் யோசித்தாள். "யாரு பாக்கணும்? ஆம்பளைதான் பாக்கணும்னு உண்டா?"

"விஞ்ஞானத்துக்கு அந்த பேதமெல்லாம் கிடையாது. யார் வேணா பாக்கலாம்."

"சரி. அப்ப நானே பாத்துக்கறேன்."

அந்த வார்த்தையின் கனம் அவருக்குத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் புரிந்தது. வாசலில் துணிப்பைகளோடு வரிசை. உள்ளே மிஷின் கடகடத்தது. கேரம் போர்டு குப்புறக் கிடந்தது, அதன் முதுகில் கத்தரிக்கோலும் அளவு டேப்பும். ஸ்டூல் மேல் ஏறி, மிஷினுக்கு நேரே பல்பு மாட்டிக்கொண்டிருந்தவர் சாட்சாத் எலக்ட்ரீஷியன்.

"என்னய்யா இது? நம்ம கேரம்?"

"அண்ணி சொன்னாங்கண்ணே. வேற உலகத்துல நாம ஆடிட்டுத்தான் இருக்கோமாம். நீங்கதான் ஜெயிக்கறீங்களாம்."

"யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "பாத்தாச்சுங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாக்கலாம் சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நடுவில் ஒரு பித்தான் அறுந்திருந்தது. வெளியே வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.