கோட்டைக்குப் போன ஓட்ஸ் மூட்டைகள்

எடின்பரோ, செப்டம்பர் 1745

மதிப்புக்குரிய மாமா பேட்ரிக் ஹாலிபர்ட்டன் அவர்களுக்கு மருமகன் நினியன் பணிவுடன் எழுதுவது. தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் மகள் ஐலிசன் நலம். நானும் உயிரோடுதான் இருக்கிறேன்; அது எப்படி என்பதற்கே இக்கடிதம்.

அரசரிடமிருந்து அரியணையைப் பறிக்க வந்திருக்கும் இளவரசரின் மலைநாட்டுப் படை நகரை நெருங்கிவிட்டது என்றதும், எங்கள் வங்கி இயக்குநர்கள், பெட்டகத்துத் தங்கத்தையெல்லாம் கோட்டைக்குள் சேர்க்கும் பொறுப்பைக் காசாளனான என் தலையில் கட்டிவிட்டு, ஆளுக்கொரு குதிரையேறி மறைந்துவிட்டார்கள். நான் பெட்டிகளை ஒரு பியர் ஆலை வண்டியில் ஏற்றி, மேலே ஓட்ஸ் மூட்டைகளை அடுக்கி மறைத்தேன். பாதி மேடு ஏறுவதற்குள் மீன்காரி கிர்ஸி வழிமறித்தாள்.

"என்னய்யா, ஓட்ஸுக்கு நாலு துப்பாக்கிக்காரன் காவலா? உங்க வீட்டுக் கஞ்சி அவ்வளவு ருசியா?"

சிரித்துக்கொண்டே ஒரு கூட்டம் பின்னால் வந்தது. கோட்டை வாசலில் சார்ஜென்ட், "உள்ள என்ன?" என்றார். "ஓட்ஸ் ஐயா." "அது எங்ககிட்டயே மலையா கிடக்கு. வண்டியத் திருப்பு!" வாசலின் அகழிப் பாலத்தைத் தூக்கச் சங்கிலியைப் பிடித்துவிட்டார்கள், ஊருக்கு வெளியே மலைநாட்டாரின் குழலோசை கேட்கிறது. வேறு வழியின்றி அவர் காதோரம் உண்மையைச் சொன்னேன். பீரங்கி வெடித்து வெடித்து மந்தமான காது மாமா அது. "என்னது? பேங்க் தங்கமா?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார்.

சிரிப்பு நின்றது. கூட்டம் வண்டியை நெருங்கியது. காவலர் நால்வரில் இருவரைக் காணோம். கிர்ஸி மீன்கத்தியோடு வண்டிமேல் ஏறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எவனாவது கைய வெச்சான், குடலை உருவிடுவேன்! இது போச்சுன்னா நம்ம மடியில இருக்கிற இந்த பேங்க் நோட்டெல்லாம் வெறும் காகிதம்டா, மடப்பசங்களா! தள்ளுங்க!"

பிறகு தச்சர் ஒருவர் தன் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். அவ்வளவுதான், ஊரே தள்ளியது. வண்டி உள்ளே போனது, கதவு சாத்தப்பட்டது.

ஆகவே தங்கள் சேமிப்பு பத்திரம். பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம், நானே இனி அதன் கிட்டே போக முடியாது. ஆண்டவர் தங்களையும் தங்கள் ஆட்டு மந்தையையும் காக்கட்டும்.

தங்கள் அன்பு மருமகன்,
நினியன் வெடர்ஸ்பூன்

பி.கு.: நகரம் இளவரசர் கைக்குப் போய்விட்டது; கோட்டை மட்டும் இன்னும் அரசர் படையிடம் இருக்கிறது. அவர் ஆட்களிடமும் எங்கள் நோட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றனவாம், அவற்றைத் தங்கமாக மாற்றித் தரக் கேட்கிறார்கள். கேட்பவர் யாரானாலும் கொடுத்தாக வேண்டும், வங்கியின் வாக்கு அது என்று இயக்குநர்கள் எங்கிருந்தோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலையில் நான் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு, கோட்டைப் பீரங்கிகளுக்கு நேரெதிரே நடந்து போய், அந்தத் தங்கத்தைக் கீழே இறக்க வேண்டும். ஐலிசனிடம் இன்னும் சொல்லவில்லை. தாங்களே பக்குவமாக எழுதிவிடுங்கள்.