பாவாயியின் தோள்பட்டை

முறைமங்கலம் என்றொரு நாடு இருந்தது. உத்தரவு வாங்காமல் பெய்தால் மேகத்திடமே விளக்கம் கேட்பார்கள் என்று சொல்லும் அளவுக்கு அங்கே ஒழுங்கு. அந்த நாட்டு ஆற்றில் தோல் பரிசல் ஓட்டிப் பிழைத்தவள் பாவாயி. புருஷன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். அவள் துடுப்பு வலித்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒருநாள் காலை தீர்த்தமலை என்ற காவலன் மூச்சிரைக்க ஓடிவந்து அவள் பரிசலில் குதித்தான். அரசுக் களஞ்சியத்தைக் கொள்ளையடித்தவன் இன்னொரு பரிசலில் தப்பிப் போய்க்கொண்டிருந்தான்.

“அரசர் பேரால் ஆணை! பரிசலை விடும்மா, அவனைப் பிடிக்கணும்!”

காவலர் கூப்பிட்டு வராதவருக்குச் சவுக்கடி. வந்து அடிபட்டவருக்குப் போர்வீரனுக்குரிய வைத்தியமும் மாதாமாதம் நெல்லும். இரண்டும் ஒரே சட்டத்தில்தான் இருந்தன. பாவாயி விரட்டிப்போய் நடு ஆற்றில் மடக்கினாள். கொள்ளையன் துடுப்பை ஓங்கி ஒரே போடு போட்டான். அவளுடைய வலது தோள்பட்டை நொறுங்கிற்று. அந்த வலியிலும் அவன் பரிசலின் விளிம்பை மறு கையால் விடாமல் பிடித்துக்கொண்டாள். தீர்த்தமலை பாய்ந்து விலங்கு மாட்டினான்.

வைத்தியமும் நெல்லும் கேட்டுப் போன பாவாயியை நிவாரணப் பேரதிகாரி நஞ்சுண்டர் மிகுந்த பரிவோடு உட்காரச் சொன்னார்.

“உங்கள் தியாகத்தை அரசு மெச்சுகிறது அம்மா. ஆனால் சட்டம் நாட்டு மண்ணில் அடிபட்டவர்களுக்குத்தான். நீங்கள் அடிபட்டது தண்ணீரில்.”

“தண்ணிக்கு அடியில மண்ணுதானுங்களே?”

“அந்த ஆழத்தில் நீங்கள் அடிபடவில்லையே.”

இப்படிப்பட்ட குழப்பம் மறுபடி வராதிருக்க அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. காவலருக்கு உதவுவோர் சொந்த விருப்பத்தில் வருவதாக முன்கூட்டியே கைநாட்டு வைக்கவேண்டும், மறுத்தால் சவுக்கடி. பாதுகாப்புக்காகப் பரிசல்தோறும் சொந்தச் செலவில் இரும்புக் கேடயம் வைக்கவேண்டும் என்று இன்னொன்று. கேடயம் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டது. “எல்லாம் உன்னால வந்த வினை” என்று துறையில் இருந்த மற்றப் பரிசல்காரர்கள் பாவாயியிடம் முகம்கொடுத்துப் பேசுவதையே விட்டார்கள். தோளைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

இதற்கிடையில் அரசவைத் தேர்தல் வந்தது. கொள்ளையன் அரசர் தரப்பில் நின்று ஜெயித்துக் களஞ்சிய மந்திரியானான். வழக்கு கைவிடப்பட்டது.

“இப்போது கள்ளனே இல்லை” என்றார் நஞ்சுண்டர். “கள்ளன் இல்லாமல் துரத்தல் ஏது? துரத்தல் இல்லாமல் காயம் ஏது?”

பாவாயி கையைத் தூக்கிப் பார்த்தாள். “அப்ப இது ஏனுங்க மேல வரமாட்டேங்குது?”

“அடுத்த ஆள்!” என்று கூப்பிட்டார் நஞ்சுண்டர்.

சாட்சி சொல்லத் தீர்த்தமலை புறப்பட்டான். “வேண்டாஞ்சாமி, உங்க வேலை போயிரும்” என்று பாவாயி தடுத்தாள்.

“கூப்பிட்டவன் நான். நானே இல்லைன்னுட்டா எப்படிம்மா?”

சொன்னான். அன்று மாலையே வேலை போயிற்று. மறுநாள் அவனுடைய சாட்சியம் பரிசீலிக்கப்பட்டு, ‘சொன்னவர் காவலர் அல்லர், தனிநபர்’ என்று தள்ளப்பட்டது.

தீர்த்தமலை நேரே துறைக்கு வந்து துடுப்பைக் கையில் எடுத்தான். “எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா. சொல்லிக் குடுங்க.”

முதல் நாள் பரிசல் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. துறையே சிரித்தது. அடிபட்ட பிறகு பாவாயியும் அன்றுதான் சிரித்தாள். போகப்போக அவனுக்குக் கை பழகியது. இரண்டு வீட்டிலும் உலை கொதித்தது.

அது நஞ்சுண்டர் காதுக்கு எட்டியது. ஆட்கள் ஏறி உட்கார்ந்து பரிசல் புறப்படும் நேரம், மேளதாளத்தோடு வந்து இறங்கினார். “பரிசல் ஓடுகிறது, ஆகவே நஷ்டம் இல்லை” என்று அறிவித்தார். கூட வந்த சேவகர்கள் அரசரின் சிரித்த முகம் தீட்டிய பலகை ஒன்றைத் தூக்கிவந்தார்கள். ‘இப்பரிசல் அரசர் கருணையால் ஓடுகிறது’ என்று அதில் எழுதியிருந்தது.

“ஐயா, இது தோலு! ஆணி அடிச்சா ஓட்டை விழுந்துரும்!” என்று தீர்த்தமலை கத்தினான்.

பலகையின் நான்கு மூலையிலும் பரிசல் தோலைத் துளைத்து நான்கு ஆணிகள் இறங்கின. தண்ணீர் பீறிட்டது. பிள்ளைகுட்டிகளோடு இருந்தவர்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். பாவாயி ஓர் ஓட்டையை உள்ளங்கையால் அழுத்தினாள். தீர்த்தமலை இன்னொன்றைக் காலால் மிதித்தான்.

கரையில் நின்ற நஞ்சுண்டர் பதறிப்போனார்.

“ஐயையோ, படம் நனைகிறது! யாராவது படத்தைக் காப்பாற்றுங்கள்!”